பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா? டிஸ்க்கை மாற்றும் முன் ஒரு டயல் கேஜ்

பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்று சொன்னதுமே பல ஒர்க்‌ஷாப்களில் கிடைக்கும் பதில், “டிஸ்க் பெண்டாயிடுச்சு சார், ஜோடியா மாத்திடலாம்” என்பதுதான். மாற்றுவார்கள், உதறலும் போய்விடும். ஐந்தாயிரமோ எட்டாயிரமோ கி.மீ. ஓடியபின் அதே உதறல் திரும்ப வரும். இந்த முறை பேடு (டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தும் உராய்வுக் கட்டை) சரியில்லை, டிஸ்க் லோக்கல் சரக்கு, ஓட்டுகிற விதம் சரியில்லை என்று காரணம் மாறும். இத்தனை நடந்தும் யாரும் எதையும் ஒருமுறைகூட அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த அளவை எடுக்கும் மூன்று பொருள்களைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம்: பிளஞ்சர் என்னும் முனைத்தண்டு உள்ளே தள்ளப்படும் தூரத்தை 0.01 மி.மீ. வரை முள்ளால் காட்டும் டயல் கேஜ், அதைத் தாங்கும் காந்த ஸ்டாண்ட், தடிமன் அளக்கும் 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர். லேத் பட்டறைகளில் இவை இல்லாமல் வேலையே நடக்காது. கார் மெக்கானிக் கடைகளில்தான் பார்ப்பது அரிது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உதறலுக்கு இந்த மூன்றும் கொடுக்கும் விடையை வேறு எதுவும் கொடுக்காது. கீச்சொலிக்கு இவற்றால் ஏறக்குறைய பயனே இல்லை. உதறலும் சத்தமும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள்; வாங்கும் முன் உங்கள் காரில் இருப்பது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வார்ப்பிரும்பு டிஸ்க் சாதாரண ஓட்டத்தில் வளைவது அபூர்வம். டிஸ்க்கை மாட்டும்போது ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுத்தட்டு) முகத்தில் துருப்படலம் மிச்சமிருந்தால் டிஸ்க் ஒரு பக்கம் சற்றே தூக்கி உட்காரும். ஹப் முகம் 130 மி.மீ. அகலம், டிஸ்க்கில் நாம் அளக்கும் வட்டம் 230 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், ஹப்பில் 0.03 மி.மீ. துரு டிஸ்க்கின் ஓரத்தில் 0.05 மி.மீ. ஆட்டமாகப் பெருகுகிறது. இந்தப் பக்கவாட்டு ஆட்டத்துக்குத்தான் ரன்-அவுட் என்று பெயர். இதை ஓட்டுநர் உடனே உணர மாட்டார், ஏனென்றால் சிறிய கார்களில் பேடுகளைப் பிடித்திருக்கும் மிதக்கும் கேலிப்பர் டிஸ்க்கோடு சேர்ந்து இப்படியும் அப்படியும் நகர்ந்து கொடுத்துவிடும்.

பாதிப்பு பிரேக் பிடிக்காத நேரத்தில் நடக்கிறது. சாய்ந்த டிஸ்க்கின் மேடான இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாக உரசிப் போகும். 185/65 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர் ஓடும், கி.மீ.க்கு ஏறக்குறைய 525 சுற்று. 5,000 கி.மீ. ஓடினால் அதே இடம் 26 லட்சம் முறை உரசப்பட்டிருக்கும். அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிகிறது. டிஸ்க்கின் தடிமன் ஒரு பக்கம் கூடுதல், ஒரு பக்கம் குறைவு என்று ஆனபிறகுதான் பிரச்சினை வெளியே தெரியும். தடித்த பகுதி பேடுகளுக்கு இடையே வரும்போது, பேடை அழுத்தும் கேலிப்பர் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது, பிரேக் ஆயிலின் அழுத்தம் ஏறி இறங்குகிறது, பெடல் காலுக்கடியில் துடிக்கிறது, ஸ்டியரிங் இடமும் வலமும் அடித்துக்கொள்கிறது. தடிமன் வேறுபாடு 0.02 மி.மீ. அளவுக்கு வந்தாலே பல கார்களில் கைக்குத் தெரிந்துவிடும். புது டிஸ்க் சில மாதம் நன்றாக ஓடி அப்புறம் உதறுவதற்கு இதுவே காரணம். துருவோடு இருந்த அதே ஹப்பில் புது டிஸ்க் மாட்டினால் அதே தேய்மானம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மலையிறக்கத்தில் வருவது வேறு வகை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 வளைவுகளையோ கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கி, அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, சூடான டிஸ்க்கின்மேல் பெடலை அழுத்திப் பிடித்தபடி காத்திருந்தால், பேடின் பொருள் அந்த இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். மிக அதிகச் சூட்டில் அந்தத் திட்டின் அடியில் இரும்பே கெட்டிப்பட்டுப் போகும். அப்புறம் அந்த இடம் மற்ற இடங்களைவிட மெதுவாகத் தேயும், மேடு வளர்ந்துகொண்டே போகும். நீலம் பாய்ந்த திட்டுகள் கண்ணுக்குத் தெரிந்தால் சந்தேகம் இங்கேதான். மலையிறங்கிய மறுநாளே உதறல் தொடங்கினால் ஹப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

ஜாக்கி போடுவதற்கு முன்

கருவியை எடுக்க வேண்டாத சந்தர்ப்பங்களும் உண்டு. 80-லிருந்து 110 கி.மீ. வேகத்தில் பிரேக் தொடாமலேயே ஸ்டியரிங் ஆடினால் அது வீல் பேலன்ஸிங்கோ டயரோ ரிம்மோதான். பிரேக் தொட்டதும் மட்டும் ஆடினால் முன் டிஸ்க். ஸ்டியரிங் அமைதியாக இருந்து, சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்பக்கம். பின்னால் டிரம் உள்ள காரில் இதை உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. ஆளில்லாத நேர்ச் சாலையில் 40 கி.மீ. வேகத்தில், ஹேண்ட்பிரேக் லீவரின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக இழுக்க வேண்டும். பொத்தானை விட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு, ஈரச் சாலையில் இதைச் செய்யவே கூடாது. இழுக்கும்போது அதிர்வு வந்தால் டிரம் வட்டம் தவறியிருக்கிறது.

வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில், 5–10 கி.மீ. வேகத்தில், பெடல் கரகரவென்று அதிர்ந்தால் டிஸ்க்கை விட்டுவிடுங்கள். அந்த வேகத்தில் வருவது பெரும்பாலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தேவையில்லாமல் வேலை செய்வதால். சக்கரச் சென்சாரில் இரும்புத்தூள், அது படிக்கும் பல்வளையத்தில் விரிசல், சென்சார் இடைவெளி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அவசரமாக மிதிக்கும்போது ஏபிஎஸ் கொடுக்கும் துடிப்பு கோளாறே அல்ல.

கைப்பேசியின் அதிர்வு அளக்கும் செயலிகளும் இங்கே உண்மையிலேயே உதவும், காசில்லாத கருவி. 80 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 22.2 மீட்டர், 1.9-ஆல் வகுத்தால் சக்கரம் நொடிக்குச் சுமார் 11.7 சுற்று சுற்றுகிறது. பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியை டேஷ்போர்டில் அழுத்திப் பிடிக்க, மிதமாகப் பிரேக் பிடிக்கும்போது 12 ஹெர்ட்ஸை ஒட்டி ஓர் உச்சம் வந்து, வேகம் குறையக் குறைய அதுவும் இறங்கினால், ஆட்டம் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பொருளில் இருக்கிறது. அதன் இரட்டிப்பில் வந்தால் டிஸ்க்கில் இரண்டு மேடுகள். வேகம் மாறினாலும் அதிர்வெண் மாறாவிட்டால் சஸ்பென்ஷனின் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், கேலிப்பர் போல்ட் பக்கம் போக வேண்டும். எந்தச் சக்கரம் என்பதைச் செயலி சொல்லாது.

டயல் கேஜ்

இந்த வேலைக்கு 10 மி.மீ. ஓட்டமும் 0.01 மி.மீ. கோடும் உள்ள பிளஞ்சர் கேஜ் போதும். மிட்டுடோயோவின் 2046எஸ் இந்த அளவில் பட்டறைக்காரர்கள் ஒப்பிட்டுப் பேசும் மாடல். புனேயைச் சேர்ந்த பேக்கர் நிறுவனத்தின் கேஜ்களும் நம் ஊர் டூல்ஸ் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. பெயரில்லாத மலிவு கேஜ்களை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் கடையிலேயே சோதித்து வாங்க வேண்டும். 0.001 மி.மீ. கேஜ் வாங்குவது வீண். டிஸ்க்கின் மேல் உள்ள நுண்கோடுகளுக்கே அதன் முள் நடுங்கிக்கொண்டிருக்கும், எதைப் படிப்பது என்றே தெரியாது. டிஜிட்டல் கேஜும் எங்கள் பரிந்துரை அல்ல. சுற்றும் டிஸ்க்கில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். முள் உள்ள கேஜில் உச்சமும் பள்ளமும் ஒரே பார்வையில் தெரியும், ஆட்டம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வருகிறதா இருமுறையா என்பதும் தெரியும். நோயைப் பிரிக்க அந்தத் தகவல் பாதி வேலையை முடித்துவிடும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை இரண்டு. பிளஞ்சரை விரலால் தூக்கி மெதுவாக விடுங்கள். பத்து முறை செய்தாலும் முள் அதே கோட்டில் வந்து நிற்க வேண்டும். அரைக்கோடு தள்ளி நின்றால் தவறில்லை, இடையில் சிக்கித் தயங்கினால் அந்தக் கேஜ் வேண்டாம். அடுத்து, கேஜை ஸ்டாண்டில் மாட்டித் தட்டையான இரும்பின்மேல் முனையை வைத்து பூஜ்யம் செய்து, முனைக்கு அடியில் 0.05 மி.மீ. ஃபில்லர் கேஜ் இதழை நுழையுங்கள். ஐந்து கோடு காட்டினால் இந்த வேலைக்கு அதுவே சான்றிதழ். பிளஞ்சருக்கு எண்ணெய் போடாதீர்கள், எண்ணெயில் பிரேக் தூசு சேர்ந்து இறுகிவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கேஜோடு வரும் உருண்டை முனையே போதுமானது. தேய்ந்து வரிவரியான டிஸ்க்கில் உருளை முனை இன்னும் நன்றாக ஓடும், தனியாகக் கிடைக்கும்.

கேஜின் தண்டு 8 மி.மீ.யா 9.5 மி.மீ.யா என்று பார்த்து, ஸ்டாண்டின் பிடி அதற்குப் பொருந்துகிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள். வேறு வேறு கடையில் வாங்கினால் பொருந்தாமல் போவது சகஜம்.

ஸ்டாண்டில்தான் காசு போகலாம்

கேஜில் மிச்சம் பிடிக்கலாம், ஸ்டாண்டில் பிடிக்கக் கூடாது. பாம்பு போல் வளையும் ஆர்ம் கொண்ட ஸ்டாண்ட் பார்க்க வசதியாக இருக்கும், எந்த மூலைக்குள்ளும் போகும். ஆனால் டிஸ்க்கைக் கையால் சுற்றும்போது வரும் சிறு அதிர்விலேயே மெல்ல மெல்ல நகர்ந்துவிடும். 0.05 மி.மீ. தேடும் வேலையில் ஸ்டாண்டே 0.03 நகர்ந்தால் என்ன மிச்சம்? இரண்டு கம்பி, இரண்டு கிளாம்ப் உள்ள பழைய வடிவம் பொருத்த நேரம் எடுத்தாலும் உறுதியானது. நடுவில் ஒரே குமிழைத் திருகினால் மூன்று மூட்டும் ஒன்றாக இறுகும் வகைதான் காருக்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் சக்கரக் குழிக்குள் இரண்டு கையால் வேலை செய்ய இடமிருக்காது. நுண்திருகு இருப்பதையே வாங்குங்கள், பூஜ்யம் வைப்பது எளிது.

காந்தத்தை வைக்கும் இடம், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிளோ ஷாக் அப்சார்பரின் குழாயோ ஆக இருக்க வேண்டும். பாடியில் வைத்தால் அளவு பொய். சேறும் துருவும் இருந்தால் எமரி பேப்பரால் ஒரு சிறு இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு வையுங்கள். காந்தத்தின் அடியில் உள்ள வி-வடிவப் பள்ளம் ஷாக் குழாயில் நன்றாக உட்காரும். சில கார்களில் நக்கிள் அலுமினியம், காந்தம் பிடிக்காது. அங்கே வைஸ் கிரிப்பில் கேஜ் கம்பியைப் பொருத்திக் கேலிப்பர் போல்ட் துளையின் காதில் கவ்வ வேண்டும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: இப்போதைய பல கார்களில் ஏபிஎஸ்ஸுக்கான வளையம் வீல் பேரிங்கின் சீலிலேயே காந்தமாகப் பதிக்கப்பட்டிருக்கும். பலமான காந்தத்தை அதன் அருகே கொண்டுபோனால் அந்தப் பதிவு கெட்டு ஏபிஎஸ் விளக்கு எரியும். பேரிங் பக்கமிருந்து விலகி, ஷாக் குழாயில் வைப்பதே பாதுகாப்பு.

மைக்ரோமீட்டர்

தடிமன் வேறுபாட்டை வெர்னியர் அளவுகோலால் அளக்க முடியாது. தேய்ந்த டிஸ்க்கின் வெளி ஓரத்தில் தேயாத விளிம்பு நிற்கும், வெர்னியரின் தாடை அதன்மேல் உட்கார்ந்து பழைய தடிமனையே காட்டும். அதோடு, தேடுவது 0.01–0.02 மி.மீ.; சாதாரண வெர்னியரின் ஒரு கோடே 0.02. சிறிய கார்களின் முன் டிஸ்க்குகள் 0–25 மி.மீ. மைக்ரோமீட்டருக்குள் அடங்கும், பெரிய எஸ்யூவிகளுக்கு 25–50 வேண்டியிருக்கும். வரிவரியாகத் தேய்ந்த டிஸ்க்கில் தட்டை முனை மைக்ரோமீட்டர் மேடுகளின்மேலேயே உட்கார்ந்து ஏமாற்றும். கூர்முனை கொண்ட டிஸ்க் மைக்ரோமீட்டர் பள்ளத்துக்குள் இறங்கி அளக்கும். தினம் பிரேக் வேலை செய்யும் கடைக்கு அது வேண்டும், வீட்டில் ஒரு காருக்கு வேண்டாம்.

அளக்கும் முறை

பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டிக்கியில் வரும் ஜாக்கியை மட்டும் நம்பி கையை உள்ளே விடக் கூடாது. கியர் நியூட்ரலில். கேலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஷாக்கில் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் எடை ஏறக் கூடாது. தூசைக் காற்றடித்து ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

சக்கரம் இல்லாதபோது டிஸ்க்கைப் பிடித்திருக்க எதுவும் இல்லை. அந்த நிலையில் அளப்பதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. எல்லா ஸ்டட்டிலும் (வீல் நட்டு ஏறும் மரைத்தண்டு) தடித்த வாஷர் போட்டு, வீல் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, சமமாக 40–50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். வாஷர் போடாவிட்டால் மூடிய நட்டுகள் ஸ்டட்டின் நுனியில் முட்டி நின்றுவிடும். இறுகியது போல் தோன்றும், டிஸ்க் தளர்வாகவே இருக்கும்.

கேஜை டிஸ்க்கின் வெளி முகத்தில், ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, முகத்துக்குச் செங்குத்தாக வையுங்கள். 10 டிகிரி சாய்ந்தால் அளவு ஒன்றரை சதவீதம் கூடும், கவலையில்லை. 30 டிகிரி சாய்ந்தால் 15 சதவீதம் கூடிவிடும். முள் ஒரு முழுச் சுற்று ஏறும் வரை பிளஞ்சரை அழுத்திப் பொருத்துங்கள். ஆர்மை விரலால் தட்டி விடுங்கள், முள் பழைய இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு குமிழ் இறுகவில்லை.

முதலில் சுற்ற வேண்டாம். டிஸ்க்கை இரு கையாலும் உள்ளே தள்ளி, வெளியே இழுத்துப் பாருங்கள். முள் நகர்ந்தால் அது வீல் பேரிங்கின் தளர்வு, அதாவது பிளே. 0.05 மி.மீ.க்கு மேல் இருந்தால் பேரிங்கை முதலில் கவனிக்க வேண்டும். அதை விட்டு டிஸ்க்கை அளப்பதில் பொருளில்லை. பிளே இல்லையென்றால் டிஸ்க்கை மெதுவாக ஒரு சுற்று சுற்றி, முள் மிகக் கீழே வரும் இடத்தில் பூஜ்யம் வைத்து, மறு சுற்றில் மிக மேலே போகும் இடத்தைப் படியுங்கள். அந்த மொத்த வித்தியாசமே ரன்-அவுட். மேடான இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள், அதற்கு நேரான ஸ்டட்டையும் குறியுங்கள். துளையிட்ட டிஸ்க்கில் துளை கடக்கும்போது முள் குதிப்பதை கணக்கில் சேர்க்காதீர்கள்.

0.05 மி.மீ.க்குள் என்றால் நல்ல பொருத்தம். பல கார்களின் சர்வீஸ் மேனுவல் 0.05-லிருந்து 0.10 வரை எல்லை வைத்திருக்கிறது. உங்கள் காரின் எண்ணே இறுதியானது, ஆனால் எல்லையை ஒட்டிய 0.09-ஐ ‘பாஸ்’ என்று மாட்டிவிடுவதை நாங்கள் ஏற்பதில்லை. அது சில ஆயிரம் கி.மீ.யில் உதறலாகத் திரும்பும்.

கூடுதலாக இருந்தால் குற்றவாளி டிஸ்க்கா ஹப்பா என்பதை அடுத்த பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். டிஸ்க்கை எடுத்து, ஹப் முகத்தையும் டிஸ்க்கின் உள்முகத்தையும் கம்பி பிரஷ்ஷாலும் எமரியாலும் பளிச்சென்று ஆகும்வரை சுத்தம் செய்யுங்கள். ஸ்டட்டுகளின் அடிவாரத்திலும் நடுமேட்டின் ஓரத்திலும் ஒளிந்திருக்கும் துருவைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கிரைண்டர் வைத்துத் தேய்க்கக் கூடாது, முகமே சாய்ந்துவிடும். பல நேரம் இதோடு வேலை முடிந்துவிடும். மீண்டும் மாட்டி அளந்தும் குறையாவிட்டால், டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளித் திருப்பி மாட்டுங்கள். மேடு சாக்பீஸ் குறியோடு சேர்ந்து நகர்ந்தால் கோளாறு டிஸ்க்கில். மேடு அதே ஸ்டட்டுக்கு நேராக நின்றால் கோளாறு ஹப்பில். நான்கு நிலையிலும் அளந்து, மிகக் குறைவாக வரும் நிலையில் மாட்டினாலே சில கார்கள் எல்லைக்குள் வந்துவிடும். டிஸ்க்கை ஹப்போடு பிடிக்கும் சிறு திருகு உள்ள கார்களில் இந்த வாய்ப்பு குறைவு.

ஹப் மீது சந்தேகம் வந்தால் கேஜின் முனையை ஹப் முகத்தின் வெளி ஓரத்தில், ஸ்டட்டுகளுக்கு வெளியே வைத்து நேரடியாக அளக்கலாம். 0.03 மி.மீ.க்கு மேல் என்றால் கவலைப்பட வேண்டும். பேரிங் மாற்றும்போது பிரஸ் இல்லாமல் சுத்தியலால் அடித்து இறக்கிய ஹப்புகளில் இது அடிக்கடி வரும்.

தடிமனுக்கு, டிஸ்க்கின் ஓரத்திலிருந்து அதே 10 மி.மீ. உள்ளே எட்டு இடங்களைச் சம தூரத்தில் குறித்து மைக்ரோமீட்டரால் அளந்து எழுதுங்கள். கூடியதுக்கும் குறைந்ததுக்கும் வித்தியாசம் 0.01–0.015 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனையும் ஒப்பிடுங்கள். அதற்குக் கீழே போன டிஸ்க்குக்கு வேறு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை, மாற்ற வேண்டியதுதான்.

திருப்பி மாட்டியதும் பிரேக் பெடலைக் கெட்டியாகும்வரை பல முறை மிதித்துவிட்டே வண்டியை நகர்த்துங்கள். பின்னுக்குப் போன பிஸ்டன் முன்னே வராமல் முதல் மிதியில் பெடல் தரைக்குப் போகும்.

இத்தனை துல்லியத்தையும் ஒரே நிமிடத்தில் கெடுப்பது இம்பாக்ட் ரெஞ்ச். பஞ்சர் கடையில் ஒரு நட்டை முழுதாக அடித்து இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் டிஸ்க் ஹப்பின்மேல் கோணலாக இறுகும். சிறிய கார்களுக்கு 85–110 நியூட்டன் மீட்டர் வழக்கமான அளவு, மேனுவலைப் பாருங்கள். நட்சத்திர வரிசையில் இரண்டு சுற்றாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர் டயல் கேஜ் வாங்குவதற்கு முன் அதை வாங்கட்டும்.

பின் டிரம்மையும் இதே கேஜால் பார்க்கலாம். கழற்றிய டிரம்மை லேத்தில் வைத்து உள்சுவரில் முனையை ஓட்டினால் வட்டம் தவறியது தெரியும். சூடான டிரம்மில் ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து நிறுத்துவது அதற்கு ஒரு காரணம்.

சத்தத்துக்கு இந்தக் கருவி வேண்டாம்

கீச்சொலி என்பது 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலான அதிர்வு. பேடும் டிஸ்க்கும் கேலிப்பரும் சேர்ந்து ஒலிப்பது. ரன்-அவுட் பூஜ்யமாக இருந்தாலும் வரும். அதற்குக் கண்ணும் கையும் போதும். பேடின் முதுகில் உள்ள ஷிம் தகடு இருக்கிறதா, பேடின் காதுகள் உட்காரும் கிளிப்புகள் புதியவையா, அடியில் துரு ஏறி பேட் இறுகியிருக்கிறதா, கேலிப்பர் பின்கள் கையால் தள்ளினால் வழுக்குகின்றனவா என்று வரிசையாகப் பாருங்கள். பின்களுக்கு ரப்பருக்கு ஒத்துப்போகும் சிலிக்கான் கிரீஸ் மட்டும். சாதாரண பேரிங் கிரீஸ் வைத்தால் ரப்பர் உப்பி, பின் அங்கேயே சிக்கும். பேட் காதுகளில் சூடு தாங்கும் பேஸ்ட் மெல்லிய பூச்சாக, பேடின் உரசும் முகத்தில் துளியும் படாமல். உள் பேடும் வெளிப் பேடும் ஒன்றுக்கொன்று 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசமாகத் தேய்ந்திருந்தால் பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது.

பேட் 2–3 மி.மீ. வரை தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொடும் சிறு இரும்பு நாக்கு, ஓடும்போதே கீச்சென்று கத்தும். அது எச்சரிக்கை, கிரீஸ் வைத்து அடக்கக் கூடாது. இரும்போடு இரும்பு உரசும் கரகரப்பு வந்துவிட்டால் வண்டியை ஓட்ட வேண்டாம். பிரேக் தொடாமலே உரசல் கேட்டால் டிஸ்க்குக்கும் பின் தகட்டுக்கும் இடையே கல் சிக்கியிருக்கும். ரிவர்ஸிலிருந்து முன்னே வந்து முதல் முறை மிதிக்கும்போது ஒரே ஒரு ‘டக்’ என்றால் பேட் தன் இடத்தில் நகர்கிறது, கிளிப் தளர்ந்திருக்கிறது. மழைக்குப் பின்னும், சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காலையிலும், முதல் சில மிதிக்கு வரும் உறுமல் இரவில் படிந்த துரு. நாலைந்து மிதியில் போய்விட்டால் விட்டுவிடுங்கள்.

அளந்தபின் லேத்துக்கு

தடிமன் வேறுபாடு இருந்து, குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் போதிய இடமும் இருந்தால் ஃபேஸிங் (லேத்தில் முகத்தைச் சீவிச் சமமாக்குவது) செய்யலாம். இரண்டு முகத்திலும் சேர்த்து 0.3–0.5 மி.மீ. போகும் என்று கணக்கு வையுங்கள். ஜோடியாகவே செய்ய வேண்டும். சாதாரண லேத்தில் ‘சக்’ என்னும் பிடியின் தாடையில் டிஸ்க்கை வெளிப்புறமாகக் கவ்வி ஓட்டித் தருபவர்களிடம் கொடுத்தால் புதிதாக ரன்-அவுட் சேர்த்துத் தருவார்கள். ஹப் முகத்தில் உட்காரும் பகுதியை ஆதாரமாக வைத்து, டயல் கேஜ் வைத்து நேர்பார்த்தபிறகே வெட்டுபவரைத் தேடுங்கள். அவரிடம் கேஜ் இல்லையென்றால் அடுத்த பட்டறை. காரிலேயே, ஹப்போடு சேர்த்து டிஸ்க்கை வெட்டும் இயந்திரம் சில சர்வீஸ் சென்டர்களில் இருக்கிறது. ஹப்பின் சிறு சாய்வையும் அது சேர்த்து ஈடுகட்டிவிடும் என்பதால் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. ஆனால் அந்த டிஸ்க் அதே ஸ்டட் நிலையில்தான் இனி மாட்டப்பட வேண்டும், குறி போட்டு வையுங்கள். கெட்டிப்பட்ட நீலத் திட்டு உள்ள டிஸ்க்கை வெட்டக் கொடுக்காதீர்கள். திட்டு மேற்பரப்பில் மறைந்தாலும் அடியில் இருக்கும், மேடு மீண்டும் எழும்.

வெட்டிய அல்லது புது டிஸ்க்குக்கு, 60-லிருந்து 10 கி.மீ. வரை மிதமாக எட்டுப் பத்து முறை, முழுதாக நிற்காமல் பிரேக் பிடித்து, பிறகு சில கி.மீ. பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு சிக்னலில் பெடலை அழுத்தி நிற்க வேண்டாம்.

யார் வாங்கலாம்

வாரத்துக்கு ஒரு பிரேக் வேலையாவது வரும் கடைக்கு மூன்றும் கட்டாயம் என்றே சொல்வோம். இந்தியத் தயாரிப்புக் கேஜும் நடுத்தர ஸ்டாண்டும் சேர்ந்தாலும், ஒரு காருக்கு முன் டிஸ்க்கும் பேடும் ஜோடியாக மாற்றும் செலவுக்குள் அடங்கும். சொந்தக் காரைத் தானே பார்த்துக்கொள்பவர் கேஜையும் நடுக்குமிழ் ஸ்டாண்டையும் வாங்கினால் போதும். மைக்ரோமீட்டருக்குப் பக்கத்து லேத் பட்டறையில் டிஸ்க்கைக் கொண்டுபோய் எட்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள், எண்களை டிஸ்க்கின் நடு மூடியில் சாக்பீஸால் எழுதி வாங்குங்கள். காரை ஒர்க்‌ஷாப்பில் விடுபவர் எதுவும் வாங்க வேண்டாம். டிஸ்க் மாற்ற ஒப்புக்கொள்ளும் முன் ரன்-அவுட் எத்தனை, தடிமன் வேறுபாடு எத்தனை என்று இரண்டு எண்களையும், மாற்றிய பிறகு ரன்-அவுட்டை மறுபடியும், ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.